ரோட்டில் போகிறவர்களுக்காகப் போட்ட யூரியா

போன வாரம் தாடிக்கொம்பில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாடு. பெண், என் மனைவியின் அண்ணன் ஆரோக்கியத்தின் மகள். மச்சானுக்கு மகளைப் பற்றிக் கவலையே இல்லை. கவலையெல்லாம் உருளைக்கிழங்கைப் பற்றி!

மாப்பிள்ளை வீட்டார் கொடைக்கானல் மலையில் தலைமுறையாக உருளை போடுகிறவர்கள். சம்பந்தம் பேசிய அன்றே மச்சான் வாயை விட்டுவிட்டார்.

"நிச்சயத்துக்கு எங்க தோட்டத்துக் கிழங்குதான் சோத்துக்குத் தொட்டுக்குற வெஞ்சனம். மலைக்குக் கீழயும் உருளை விளையும்னு காட்டுறேன், பாருங்க!"

தேவையா இது?

நவம்பரில் நட்டார். நடும்போது அடியுரம். முப்பதாம் நாள் மண் அணைக்கும்போது கொஞ்சம் யூரியா. அதோடு நிறுத்த வேண்டும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் தோட்டம் ரோட்டோரம் இருக்கிறதே! ஒருவர் பைக்கை நிறுத்தி, "அண்ணே, என்னா பச்சை!" என்றார். அன்று சாயங்காலமே இன்னொரு கை யூரியா. அடுத்த பாராட்டு — அடுத்த கை. எழுபதாம் நாள் இலை லேசாகப் பழுத்தது. கிழங்கு முற்றப் போகிறது என்று அர்த்தம். மச்சானோ பதறிப்போய் மறுபடியும்...

அவரை மட்டும் சொல்வானேன்? வீட்டு முகப்புக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நான் மட்டும் என்னவாம்? நாலு பேர் "பிரமாதம்" என்றால் அடுத்த வாரமும் அதையே எழுதி உங்களைப் படுத்துகிறேன்.

நிச்சயத்துக்கு நாலு நாள் முன்பு சம்பந்தி வந்தார். முழங்காலுக்கு மேல் நின்ற செடிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கடைசியா யூரியா எப்பப் போட்டீக?"

"போன வாரந்தான் சம்பந்தி!" என்றார் மச்சான், பெருமையாக.

சம்பந்தி குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். நெல்லிக்காய் அளவில் ஏழெட்டுக் கிழங்கு.

"காலம் தப்பிப் போட்டா செடி இலையைத்தான் வளக்கும். கிழங்கை எப்ப நெனைக்கும்?" என்றார் மெதுவாக.

பக்கத்தில் நின்ற எனக்கே பாவமாக இருந்தது. மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"சொன்ன சொல்லு என்னாகுறது மாப்ள?" மச்சான் கண் கலங்கிவிட்டார்.

மானத்தைக் காப்பாற்றியது அவர் மனைவி பிலோமி. அம்புட்டுக் கிழங்கையும் தோண்டச் சொன்னார். வேக வைத்து, தோலுரித்து, மிளகு தூவி முழுசு முழுசாக வறுத்துவிட்டார். பந்தியில் பிள்ளைகள் "பேபி பொட்டேட்டோ!" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். மச்சான் கை தானாக மீசைக்குப் போனது. "இந்த சைஸுக்குன்னே ஸ்பெஷலா வளத்தேன்" என்று பக்கத்து இலைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார்!

எதிர் இலையில் சம்பந்தி மூன்றாம் முறையாக வறுவல் வாங்கிக்கொண்டார். நிதானமாகச் சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தார்.

"பொண்ணை நாங்க கூட்டிட்டுப் போறோம் சம்பந்தி. மிச்ச யூரியாவையும் எங்ககிட்டக் குடுத்துருங்க. ரெண்டையும் நல்லபடியாப் பாத்துக்கிறோம்."

பந்தியே சிரித்தது. மச்சானும்தான்... கொஞ்சம் தாமதமாக.

தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை; பெண் மலையேற ஈஸ்டர் முடிய வேண்டும். யூரியா மூட்டை மறுநாளே ஏறிவிட்டது!