விரிப்பின் மறுமுனை

எங்கள் சலவைக்கூடத்தில் அருவருப்பு என்ற ஒன்றே கிடையாது என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்தேன். மருத்துவமனைகளின் அழுக்குத் துணியெல்லாம் எங்களிடம்தான் வருகிறது. பையை அவிழ்த்தால் இரத்தம், சீழ், வாந்தி, அதற்கு மேலும் என்னென்னவோ. ஒருமுறை தலையணை உறைக்குள் ஒரு பல்செட்டு கிடந்தது. "பாவம், யாரோ சிரிப்ப மறந்துட்டுப் போயிட்டாங்க" என்று அதை எடுத்து ஜன்னலில் வைத்தார்கள். மதியம் வரைக்கும் அது எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டே இருந்தது. அழுக்கைப் பிரிக்கும் வேலை எல்லோருக்கும் முறை வைத்து வரும். வெறுங்கையால்தான் அள்ளுவார்கள். கையுறை இருக்கிறது, வேர்க்கிறது என்று யாரும் போடுவதில்லை. அதே கையைக் குழாயில் ஒரு நனை நனைத்து, மேலங்கியில் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் "ச்சீ" என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது, துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, சூடு ஆறாமல் வந்த ஒரு வெள்ளை விரிப்பை மூட்டை அக்கா தொட்டபோது.

மூட்டை அக்கா பல வருடங்களாக இங்கே இருப்பவர். சேர்ந்தபோது அவரை ஆண் என்று எல்லோரும் நினைத்திருந்ததால் ஈரப்பக்கத்தில் வேலை. பெரிய பெரிய துவைக்கும் இயந்திரங்கள் நிற்கும் பக்கம் அது. ஈரத்துணி மூட்டையை மற்றவர்கள் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ள, இவர் தோளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போவாராம். பெயர் அப்படி வந்தது. நல்லவர் வல்லவர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்தால் காது கூசும். டீ வந்தால் நிறைய ஊற்றின டம்ளராகப் பார்த்து எடுப்பார். சுருதி சேராமல் பாடுவார். நிறுத்தச் சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறையில் தங்கை, தங்கையின் சின்ன மகள் ஆகியோருடன் இருக்கிறார். அம்மா அடுத்த தெருவில்தான். இவரை எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, பெண்கள் போடும் நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். டீ குடிக்கும் இடத்தில் எல்லோர் முன்னாலும் நின்றார்.

"இனிமே நான் இப்படித்தான் வருவேன். திடீர்னு ஒண்ணும் மாறல. எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்லேருந்து நான் பொம்பளதான், வெளிய சொல்ல இவ்வளவு நாளாச்சு. மூட்டைன்னே கூப்பிடுங்க, பழகிப்போச்சு. கூட ஒரு அக்காவச் சேத்துக்குங்க. காசா பணமா?"

ஈரப்பக்கத்தில் துவைக்கும், உலர்த்தும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் டிரையர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "எத்தனை வருஷமா தம்பி தம்பின்னு கூப்பிட்டாச்சு. நாக்கு எப்படி திரும்பும்?"

"உங்க பொண்ணு பின்னாடி சுத்துன பையன எருமமாடுன்னு திட்டிட்டிருந்தீங்க. கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கே வாங்க மாப்பிள்ளைன்னீங்களே, அப்ப மட்டும் நாக்கு எப்படித் திரும்புச்சு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டிரையர் அண்ணனும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். சிலர் 'அது' என்றார்கள். 'அது வந்துடுச்சா?', 'அது டீ குடிச்சிடுச்சா?' தங்கையின் மகள் மாமா, பெரியம்மா என்று ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு பெரியம்மாவில் நின்றுவிட்டதாம். பால் பல் விழாத பிள்ளை அது. இங்கே பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு வரவில்லை.

அதோடு போயிருந்தால்கூட அக்கா பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய இடுப்பு போய்விட்டது. இனி எடை தூக்கினால் நடமாட்டமே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூக்காமல் செய்யக்கூடிய வேலை இந்தக் கூடத்தில் ஒன்றுதான்: மடிப்பு மேசை. அது கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டும். அந்த வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து வெளியே வந்து, "எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. யாராவது ஜோடி சேந்துக்கிட்டா சரி. நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது! முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை.

ஜோடி ஏன் வேண்டும் என்றால், எங்கள் விரிப்புகளை ஒரு ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வர வேண்டும். நடுவில் சந்திக்கும்போது ஒருவர் தன் மூலைகளை மற்றவர் கையில் கொடுப்பார். அப்போது விரலோடு விரல் படும். படாமல் மடிக்க வழியில்லை.

அந்த விரல்தான் எல்லோருக்கும் உறுத்தியது. ஒருத்தி, "எனக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கத்துவாரு" என்றாள். இன்னொருத்தி, "எனக்கு ஒரு மாதிரி இருக்குக்கா" என்றாள். என்ன மாதிரி என்று அவளுக்கே தெரியவில்லை. நான் உருளை இஸ்திரியில் துணியை விடும் ஆள். நான் மடிக்கப் போகிறேன் என்று கேட்டதற்கு, "அப்ப உருளைய யாரு பாக்கிறது, உங்க அப்பாவா?" என்றார் மேனேஜர். அதனால் உருளைக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மனிதர்கள் எல்லோரும் சமம் என்று பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தின டீச்சரை ஒரு நாள் இங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது.

கடைசியில் மடிப்பு மேசைக்கு மூத்தவரான கஞ்சி அக்காவையே ஜோடி சேரச் சொன்னார் மேனேஜர். துணிக்குக் கஞ்சி போடுவதும் அவர்தான். ஆளும் கஞ்சி போட்டது போலத்தான் நிற்பார். இவருடைய கையிலிருந்து ஒரு விரிப்புகூடக் கீழே விழுந்ததில்லை என்று பெயர். தரையில் பட்டால் அந்த விரிப்பு மறுபடி துவைக்கப் போக வேண்டும். அதைப் பெரிய அவமானமாக நினைப்பவர் அவர்.

மூட்டை அக்கா விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து நின்றார். அப்போதுதான் மேசையில் யாரோ "ச்சீ" என்றது. கஞ்சி அக்கா மெதுவாகப் போய், கையுறைப் பெட்டியைத் திறந்து, ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். அரை மணி நேரத்துக்கு முன் அவர் அழுக்கு அறையில், சீழ் காய்ந்து ஒட்டிப்போன துணியை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வெறுங்கை. இப்போது சுத்தமான துணிக்குக் கையுறை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும்போதுகூட அப்படி வந்ததில்லை.

மூட்டை அக்கா அந்தக் கைகளைப் பார்த்தார். வாயில் வந்த சொல்லை விழுங்குவது தெரிந்தது. "ஆரம்பிக்கலாமாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருவரும் நடந்து வந்தார்கள். இடையில் ஒரு சாண் இருக்கும்போதே கஞ்சி அக்கா கையை விட்டுவிட்டார். விரிப்பு தரையில் விழுந்தது.

"அய்யோ, விட்டுட்டியே" என்றார் கஞ்சி அக்கா.

அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். காலை முழுவதும் இதே கதை. ஒவ்வொரு முறையும் மேசை முழுக்க "ப்ச்" என்ற சத்தம். தன் வேலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஒரு பெண், வேண்டுமென்றே வெள்ளைத் துணியைத் தரையில் போடுகிறார். மற்றவர்கள் அதைப் பார்க்காதது போலப் பார்க்கிறார்கள். மறுசலவை வண்டி நிரம்பி வழிந்தது. அது ஈரப்பக்கத்துக்குத் திரும்பிப் போனது.

கொஞ்ச நேரத்தில் டிரையர் அண்ணன் அந்த வண்டியை உதைத்துக்கொண்டே வந்தார். "என்ன நடக்குது இங்க? துவைச்சதையே துவைக்க நான் என்ன கேனையனா?" மேசைக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. கஞ்சி அக்கா அவரைக் கவனிக்கவில்லை.

அதே நேரம் கண்ணாடி அறையில் போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து, விரிப்பு இன்னும் வரவில்லையே என்று. கதவு திறந்தே இருந்தது. மேனேஜர் போனில் எப்போதும் கத்தித்தான் பேசுவார்.

"மன்னிக்கணும் சார். புதுசா ஒருத்தன மடிக்க விட்டோம். அவன் எல்லாத்தையும் கீழ போட்டுட்டான். நாளைலேருந்து அவன் இருக்க மாட்டான் சார்."

மூட்டை அக்கா கையிலிருந்த மூலைகளை மேசைமேல் பத்திரமாக வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கதவில் நின்றார்.

"ரெண்டு பொய் சொல்லிட்டீங்க சார். நான் எதையும் கீழ போடல. நான் அவனும் இல்ல. ரெண்டையும் திருத்துங்க."

மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "போ போ, அப்புறம் பேசலாம்."

"அப்புறம் எனக்கு வேலை இருக்காதே சார். இப்பவே பேசுங்க. அந்தப் பக்கம் ஆளு இருக்கும்போதே பேசுங்க."

"யாரு கீழ போட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கண்ணால பாத்தேனா?"

"நான் பாத்தேன்" என்றார் டிரையர் அண்ணன் பின்னாலிருந்து. அவர் நியாயம் கேட்க வரவில்லை. வேலை கூடிப்போன எரிச்சலில் நின்றார். "அவ கெட்டியாத்தான் புடிச்சிருக்கா. கை விட்டது கஞ்சிதான். இன்னொரு வண்டி என் பக்கம் வந்துச்சு, துணிய இங்கயே கொட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

அவ என்று சொன்னதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை. மூட்டை அக்கா கவனித்தார். ஆனால் திரும்பிப் பார்க்காமல் மேனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேனேஜருக்கு வேர்த்தது. டிரையர் அண்ணன் போய்விட்டால் கூடமே நின்றுவிடும். போனை வாயருகே கொண்டுபோனார். "சார், இல்ல... தப்பா சொல்லிட்டேன். அந்தம்மா மேல தப்பு இல்ல. ஆமா சார், அவங்கதான். அவங்க இருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடறோம்."

வாய் அப்படிச் சொன்னது. முகம் மருந்து குடித்தது போல இருந்தது. நியாயத்துக்காக யாரும் அங்கே இறங்கி வரவில்லை. ஒருவருக்கு வேலை கூடியது, ஒருவருக்கு வியாபாரம் போய்விடும் என்ற பயம். அவ்வளவுதான்.

போனை வைத்ததும் மூட்டை அக்கா இன்னொன்றும் கேட்டார். "ஜோடி தேடிக்கன்னு சொல்லி என்னைய ஆளாளுக்கு முன்னாடி நிக்க வைக்காதீங்க. யாரு யாரோட மடிக்கணும்னு சொல்றது உங்க வேலை. எல்லாரோடயும் மாத்தி மாத்திப் போடுங்க. கீழ விழுந்தா யாரு கை விட்டதுன்னு நின்னு பாருங்க."

மறுநாள் மேனேஜர் வேறு வழியில்லாமல் மேசையருகே வந்து நின்றார். முதல் ஜோடி, மறுபடியும் கஞ்சி அக்கா. கையுறை வழுக்குகிறது, கழற்றுங்கள் என்று மேனேஜரே சொல்ல வேண்டியதாயிற்று. இருவரும் எதிரெதிரே நடந்தார்கள். மூலைகள் கை மாறின. விரல் பட்டது. விரிப்பு விழவில்லை. அன்று காலையில் ஒன்றுகூட விழவில்லை.

டீ நேரத்தில் கஞ்சி அக்கா நேராகக் குழாய்க்குப் போனார். சோப்பை எடுத்து, முழங்கை வரைக்கும் தேய்த்தார். கழுவினார். மறுபடி தேய்த்தார். எல்லோரும் பார்க்க வேண்டும் என்றே நிதானமாகச் செய்தார். அதற்கு முன் அவர் அந்தச் சோப்பைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. மேசைக்காரிகள் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள் சிரித்தார்கள்.

மூட்டை அக்கா டம்ளரை வைத்துவிட்டு வந்து, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

"கொஞ்சம் சீக்கிரம்க்கா. நானும் கழுவணும்ல? காலைலேருந்து உங்க கையத்தான தொட்டுட்டிருக்கேன்."

வெடித்துச் சிரித்தது டிரையர் அண்ணன். கஞ்சி அக்கா நுரைக் கையோடு அப்படியே நின்றார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

மூட்டை அக்கா இரண்டு கையையும் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவி, உதறி, மேலங்கியில் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போனார். "யாரு அடுத்த ஜோடி?" என்றார். 'ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னவள்தான் எழுந்தாள். "நான்தான்" என்றவள், கொஞ்சம் இழுத்து, "...அக்கா" என்றாள்.

"மூலையப் பாத்துப் புடி" என்றார் மூட்டை அக்கா.