கட்சுரென் கோட்டைக்கு ஒரு கும்பிடு

காளிகாட் வழியாகப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்காரர் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று மாலை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான் பேசவிருந்ததே அந்தத் தீவின் கட்சுரென் கோட்டையைப் பற்றித்தான்! ராஜாவை எதிர்த்துத் தோற்ற ஒரு பிரபு ஆண்ட இடம். இன்று குன்றின்மேல் வெறும் மதில்கள். கைபேசியில் படத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, படத்துக்குக் கைகூப்பினார்.

“இடிஞ்ச கோட்டைக்கா கும்பிடு?” என்றேன் ஆங்கிலத்தில்.

“உள்ள எங்க சாமி இருக்கே.”

என் பேச்சின் தலைப்பைச் சொன்னேன்: ‘துரோகியின் கோட்டை’. அவருடைய அடர்ந்த புருவங்கள் நெரிந்தன.

“துரோகின்னு யாரு எழுதினா?”

“ஜெயிச்ச ராஜாவோட தலைநகர்க்காரங்கதான்.”

“பின்ன, தோத்தவனைத் தியாகின்னா எழுதுவாங்க? எங்க ஊருக்கு அவர் நல்லவர்.”

“அதுக்கு ஆதாரம்?”

“நான் இருக்கேனே!” என்று சிரித்தபடி தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

காளி கோயில் திருப்பத்தில் நடத்துநர் உட்பட எல்லோரும் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவரும் மறுபடி தொப்பியைக் கழற்றினார்.

மாலையில் தலைப்பிலிருந்து ‘துரோகி’யை எடுத்துவிட்டேன். ‘நல்லவர்’ என்று போடவும் மனம் வரவில்லை. கோட்டைப் படத்தில் அவர் கும்பிட்டது சாமியையா, அந்தப் பிரபுவையா? அதைக் கேட்காமலே இறங்கிவிட்டேன்.