பாதி ஆற்றுவாழை உங்கட

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, அது நம்முடைய பக்கம். சூரியன் படுக்கிற பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஓடுவது பாதை. தெருவென்று நினைத்துவிட வேண்டாம். மோட்டார் சைக்கிள், ஆடு, அரிசி மூட்டை, சம்பந்தி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிற, என்ஜின் பூட்டிய தட்டை மிதவை அது.

இரண்டு கரைக்கும் பொதுவான சொத்து ஒன்றுண்டு: ஆற்றுவாழை, ஆகாயத்தாமரை என்றும் சொல்லும் மிதக்கும் களை. ஊதாப் பூவைக் காட்டி ஆளை மயக்கிக்கொண்டே துறையை அடைத்துவிடும் சனியன். அதற்கு எங்களிடம் ஒரே வைத்தியம்தான், கம்பால் தள்ளுவது. மேற்கிலிருந்து கச்சான் காற்றடித்தால் அவர்கள் தள்ளுவார்கள், எங்களிடம் வந்து சேரும். வாடை அடித்தால் நாங்கள் தள்ளுவோம், அங்கே போய்ச் சேரும். தூக்கிக் கரையில் போடலாமே என்று கேட்டால், "அது அவங்கட வாழை, நாம ஏன் தூக்கணும்?" என்பார்கள். எனக்கு இரண்டு கரைத் தேநீர்க் கடையிலும் பழக்கம் உண்டு. இரண்டிலும் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவரை ஒருவர் கேட்காமல், இரண்டு கரையும் ஊர்கூடி வாழை தள்ளச் சிரமதானம் வைத்துவிட்டன. அன்றைக்குப் பார்த்து இலை அசையாத காலை.

நான் படுவான்கரைக் கலியாணத்துக்குப் போகப் பாதையில் ஏறியிருந்தேன். பக்கத்தில் அயலூர் முஸ்லிம் தையல்காரி, எங்கள் எல்லோருக்கும் ராத்தா. மடியில் ஒரு பை, அதற்குள் மணப்பெண் கூறைச் சேலைக்குப் போடும் சட்டை. முதல் நாள் போட்டுப் பார்த்தபோது கொக்கி பூட்டவில்லையாம். பிரித்து அகலம் விட்டுத் தைத்து எடுத்துப் போகிறார். முகூர்த்தத்துக்கு முன் சட்டை போகாவிட்டால் பெண் அறையை விட்டு வெளியே வராது.

"ஏன் ராத்தா இறுகினது?" என்றேன்.

"கலியாணம் பேசின நாளில இருந்து வீடு வீடா விருந்து, மனே. நான் அளவெடுத்தது ஒரு புள்ளைக்கு. போடுறது ஒண்டரைப் புள்ள!"

சிரித்து முடிப்பதற்குள் பாதை நின்றுவிட்டது. இரு கரையும் உற்சாகமாகத் தள்ளிய வாழை முழுவதும் நடுவாவியில் வந்து சந்தித்திருந்தது. தொதல் அல்வாவுக்குள் அகப்பட்ட கஜூக்கொட்டைபோல நாங்கள். என்ஜினில் வேர் சுற்றிக்கொண்டது. கரைகளில் ஒலிபெருக்கிகள் வேறு: "தள்ளுங்க! இன்னும் தள்ளுங்க!"

ராத்தாவின் போன் அடித்தது. பெண்ணின் தாய்.

"ராத்தா, சட்டை எங்க?"

"உங்கட கண்ணுக்கு முன்னாலதான் கா, ஆத்துக்கு நடுவில நிக்குது!"

போனை வைத்தவர் எழுந்து நின்று இரண்டு கரையையும் பார்த்துக் கத்தினார். "இனி ஆராவது தள்ளினா, அவங்கட வீட்டுச் சட்டை ஒண்டையும் நான் தொடமாட்டன்! ரெண்டு கரைக்கும்தான் சொல்றன்!"

சுற்றுவட்டாரத்தில் கலியாணச் சட்டைக்கு வேறு ஆளில்லை. ஒலிபெருக்கிகள் இரண்டும் அடங்கின. இரு பக்கமிருந்தும் தோணிகள் வந்தன. இனித் தள்ள இடமில்லை, தூக்கத்தான் வேண்டும். தூக்கி எங்கே போடுவது?

"எங்கட தோணிக்குள்ள அவங்கட வாழையைப் போடாத!"

"ஓம், உங்கட தோணி பெரிய கப்பல்!"

கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று பாதையிலேயே ஏற்றினார்கள். மோட்டார் சைக்கிள்கள் மறைந்தன. என் முழங்கால் மறைந்தது. ஆடு மட்டும் கரை பார்க்காமல் இரண்டு பக்கத்து வாழையையும் தின்றது.

என்ஜினில் சுற்றிய வேரை அறுத்துவிட்டு, பச்சையும் ஊதாவுமாக நாங்கள் படுவான்கரையை நெருங்க, சோடனை செய்த மாப்பிள்ளைப் படகென்று நினைத்து மேளக்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். ராத்தா பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி இறங்கி ஓடினார். நான் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண் வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே ராத்தா.

"கொக்கி பூட்டிச்சா?"

"பூட்டிச்சு. சோறு திண்ட பிறகு என்ன நடக்குமெண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

நாங்கள் சாப்பிட்டு வந்தபோது துறையில் புதுச் சண்டை. வாழைக் குவியலை இறக்கி வைத்துவிட்டுப் படுவான்கரைக்காரர் சொன்னார்கள்:

"இது முழுக்க எங்கட இல்ல. பாதி உங்கட."

நியாயம்தானே. குவியலுக்குக் குறுக்கே கயிறு போட்டு, பூக்களைக்கூடப் பார்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். எங்கள் பங்கு மீண்டும் பாதையில் ஏறியது. அதையே மெத்தையாக்கி ராத்தா சாய்ந்துகொண்டார், மடியில் பலகாரப் பொட்டலம்.

எங்கள் துறையில் கம்போடு நின்றவர்கள் தூரத்தில் ஆற்றுவாழை வருவதைக் கண்டார்கள். பழக்கதோஷம். பாதையையே தள்ளத் தொடங்கினார்கள்.

"டேய், தள்ளாதேங்கடா! இது நம்மட பங்கு!" என்று பாதையிலிருந்து கத்தினோம்.

கம்புகள் நின்றன.

"நம்மட எண்டா சரி, இறக்குங்க" என்றார்கள்.