காலி சிப் பேசிய மத்தியானம்

இது நடந்தது. மதுவந்தி பொய் சொல்கிற ஆள் இல்லை. பயந்த சுபாவமும் கிடையாது. கோபக்காரி. இதைச் சொல்லும்போதும் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. கேட்ட எனக்கும் அப்படித்தான். நம்பமாட்டேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் வற்புறுத்தப் போவதில்லை.

2007. வங்காளத்தில் துர்கா பூஜை, அஷ்டமி. ஊரே புதுத்துணி உடுத்தித் தெருவில் இறங்கியிருந்தது. பவானிபூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி ஆபீஸில் மதுவந்தி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் மேனேஜர் விஸ்வநாதனின் உத்தரவு. "ஏகாதசியன்னிக்கு பெஹாலா பட்டறைல பிரஸ் ஓடியாகணும். ஓடலேன்னா நீ ஆபீஸ் பக்கமே வரவேண்டாம்." இப்படிச் சொல்லிவிட்டு அவர் குடும்பத்தோடு பூஜைப் பந்தல் பார்க்கக் கிளம்பிவிட்டார். நல்ல மனுஷர்!

அவள் வேலை இதுதான். பவர் போட்டதும் ஒரு போர்டு முதன்முதலில் ஓட்டுகிற குட்டி புரோகிராம் ஒன்று உண்டு. பூட் ஃபர்ம்வேர் என்பார்கள். தூங்கும் மெஷினைத் தட்டி எழுப்புவது அதுதான். பழைய போர்டில் வருஷக்கணக்காக ஓடிய அந்த புரோகிராமைப் புது எஃப்.பி.ஜி.ஏ. போர்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இந்த எஃப்.பி.ஜி.ஏ. சிப் ஒரு வினோதப் பிறவி. உள்ளே நிரந்தரமாக எதுவும் கிடையாது. நாம் ஒரு டிசைனை ஏற்றினால் அது பிராசஸராகி வேலை செய்யும். பவரை எடுத்தால் எல்லாம் அழிந்து மறுபடி வெறும் சிப் ஆகிவிடும்.

உத்தமன் என்று ஒருவன் இந்த வேலையைப் பாதி செய்து வைத்திருந்தான். போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்றார் விஸ்வநாதன். மதுவந்தி அவனைப் பார்த்ததில்லை. அவன் போன பிறகுதான் அவள் சேர்ந்தாள். அவன் பேச்சை எடுத்தாலே ஆபீஸில் மற்றவர்களுக்கு டீ குடிக்கும் ஞாபகம் வந்துவிடும். "அவன் எழுதினதுல ஒரு வரியும் மாத்தாதே. அதெல்லாம் டெஸ்ட் ஆனது" என்று மட்டும் விஸ்வநாதன் பத்துத் தரம் சொல்லியிருந்தார்.

பட்டறையில் இருப்பது இரும்புத் தகட்டை வளைக்கும் ஹைட்ராலிக் பிரஸ். நிதானமாகத்தான் இறங்கும். ஆனால் இறங்க ஆரம்பித்தால் லேசில் நிற்காது. ஆபீஸ் மேஜையில் அதற்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கை வயரில் மாட்டியிருந்தார்கள். விளக்கு எரிந்தால் அங்கே பிரஸ் இறங்குகிறது என்று அர்த்தம்.

மத்தியானம் இரண்டே முக்கால். மதுவந்தி டிசைனை ஏற்றி போர்டை ஓட்டினாள். போர்டு சொல்வதெல்லாம் கேபிள் வழியாக வந்து கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் எழுத்தாக விழும். பதிப்பு எண் வந்தது. 'மெமரி டெஸ்ட்' என்று வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஒரு வரி வந்தது.

கை எடு.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மதுவந்திக்குச் சுர்ரென்று ஏறியது. பாதியில் விட்டு ஓடியவனுக்கு விளையாட்டு வேறா! புரோகிராம் முழுக்கத் தேடினாள். அந்த வார்த்தைகள் எங்கேயும் இல்லை. புரோகிராம் கடன் வாங்கும் லைப்ரரிகளில் தேடினாள், அங்கேயும் இல்லை.

"எங்கடா ஒளிச்சு வெச்சே?" என்று வாய்விட்டே கத்தினாள்.

பவரை எடுத்தாள். மறுபடி போட்டாள். இந்தத் தடவை டிசைனை ஏற்றவில்லை. காலி சிப். அதில் பிராசஸர் கிடையாது, புரோகிராம் கிடையாது. பேச அங்கே ஆளே இல்லை.

திரையில் எழுத்து விழுந்தது.

கை எடு.

வெளியே பந்தலில் டாக் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். விஸ்வநாதனுக்குப் போன் போட்டாள்.

"சார், போர்டு தமிழ்ல ஏதோ எழுதுது."

"என்ன உளர்றே? என்ன எழுதுது?"

"கை எடுன்னு."

அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தம், ஊதல் சத்தம்... அவர் போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எழுந்து போய் சுவரிலிருந்து போர்டின் பிளக்கையே பிடுங்கி எறிந்தாள்.

இப்போது போர்டுக்குக் கரண்டே கிடையாது.

கை எடு. கை எடு.

வேகமாக வந்தது...

கை எடு கை எடு கை எடு...

கேபிளைப் பிடுங்கப் போர்டின் மேல் கையை வைத்தாள்.

யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

பிடித்து, இழுத்து, வெளியே தள்ளினார்கள்.

நாற்காலியோடு விழுந்தாள். அறையில் யாரும் இல்லை.

அப்போதுதான் பார்த்தாள். மேஜையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கரண்டே இல்லாத போர்டில்... பிரஸ் இறங்குகிற விளக்கு.

தரையில் கிடந்தபடியே அவளுக்குப் புரிந்தது. பழைய போர்டில் பவர் வந்ததும் எல்லா வயர்களும் அணைந்தே இருக்கும். பிரஸ்ஸை நிறுத்திவை என்று அவசரமாகச் சொல்லத் தேவையில்லை, மெமரி டெஸ்ட்டை முடித்துவிட்டுச் சொன்னால் போதும். புதுப் போர்டில் அப்படி இல்லை. நிறுத்து என்று சொல்லும்வரை பிரஸ் வயர் விழித்தே இருக்கும். மெமரி டெஸ்ட் நடக்கிற நேரம் முழுக்கப் பிரஸ் இறங்கும். இத்தனை நாளும் எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். விளக்கை யாரும் பார்க்கவில்லை.

எழுந்தாள். நிறுத்தும் அந்த ஒரு வரியை புரோகிராமின் உச்சிக்கு ஏற்றினாள். டிசைனிலும் அந்த வயர் அணைந்தே பிறக்கும்படி மாற்றினாள். ஒரு வரியும் மாற்றாதே என்றவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மாற்றினாள். பிளக்கைச் செருகி ஓட்டினாள். விளக்கு எரியவில்லை. மெமரி டெஸ்ட் முடிந்தது. போர்டு முழுசாக எழுந்தது. வேறு ஒரு எழுத்தும் வரவில்லை. மணிக்கட்டில் நான்கு விரல் தடம் மட்டும் ராத்திரி வரை சிவந்திருந்தது.

ஏகாதசியன்று பெஹாலா போனாள். பிரஸ் ஓட்டுகிறவர் முகமது இஸ்மாயில், ஐம்பது வயது இருக்கும். மெஷினிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு, வரவே மாட்டேன் என்றார். மதுவந்தி பலமுறை பவரைப் போட்டுப் போட்டுக் காட்டினாள். பிரஸ் அசையவில்லை. அதன்பிறகுதான் அவளை அக்கா என்கிற மாதிரி தீதி என்று அழைத்து வங்காள மொழியில் பேச ஆரம்பித்தார்.

"போன வருஷ அஷ்டமி, தீதி. லீவு நாள்ல புதுப் போர்டை ஓட்டிப் பாக்கலாம்னு உங்க பெரிய பாபு, மேனேஜர், உத்தம் பாபுவைக் கூட்டிட்டு வந்தாரு. நான் தகடு வெக்கக் கையை உள்ள விட்டிருந்தேன். பெரிய பாபு பவரைப் போட்டுட்டாரு. மேலேருந்து இறங்குது... நான் கவனிக்கல. உத்தம் பாபு கத்தினாரு. அவசரத்துல அவர் பாஷை வந்துடுச்சு போல. எனக்கு ஒண்ணும் புரியல."

"என்ன கத்தினார்?"

"கெய் யெடு, கெய் யெடுன்னு." அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "ஓடி வந்து என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துத் தள்ளினாரு. நான் இந்தப் பக்கம் விழுந்தேன். அவர் கால் வழுக்கி அந்தப் பக்கம், பிரஸ்ஸுக்கு அடியில, சாஞ்சாரு. ஆஸ்பத்திரி போற வழியிலேயே போயிட்டாரு."

"ஸ்விட்ச்சை யாரும் ஆஃப் பண்ணலையா?"

"பக்கத்துல நின்னது உங்க பெரிய பாபுதான், தீதி. கை நீட்டினாப் போதும். அவர் ஓடிட்டாரு."

பெங்களூருக்கு யாரும் போகவில்லை. ஆளைக் கொன்ற அதே புரோகிராமை, ஒரு வரியும் மாற்றாதே என்று சொல்லித்தான் அந்த மனிதர் அவளிடம் கொடுத்திருக்கிறார்.

காலி சிப் எப்படிப் பேசியது என்று அவள் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டாள். யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்று பட்டறையில் நிற்கும்போதே போன் அடித்தது. விஸ்வநாதன்.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது சார். வந்து முதல் தகட்டை நீங்க உங்க கையால வைங்க. உத்தமன் காத்துண்டிருக்கார்."