பழைய புத்தகமே போதும் என்றேன்

1. முதலாளி சொன்ன வார்த்தை

திருப்பூரில் ஒரு புத்தகக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் கவுன்டரில் நின்றேன். முன்பக்கம் புதுப் புத்தகம், நோட்டு, ஸ்டேஷனரி. பின்னால் ஒரு நீளமான அறை முழுக்கப் பழைய புத்தகம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஜூன் மாதக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"சரசு அம்மிணி, பழசு கேட்டு வர்றவங்கள நேரா பின்னால அனுப்பிராத. சிலபஸ் மாறிப்போச்சுங்க, புதுசு வாங்கிக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. அப்பவும் வேணும்னா பழசக் குடு."

"மாறலைன்னா என்னங்க பண்றது?"

"ஒரு பாடமாச்சும் மாறாமயா இருக்கும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பழைய புத்தகத்தில் லாபம் கம்மி, இடம் அதிகம் அடைக்கும். பெரும்பாலான வருடங்களில் அட்டைப் படம் மாறியிருக்கும், பயிற்சியில் இரண்டு கணக்கு கூடியிருக்கும். அதையும் மாற்றம் என்று சொல்லலாம். வாரச் சம்பளம் வாங்கிய கையோடு வருகிறவர்கள் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புதிதையே வாங்கிப் போவார்கள். பிள்ளை படிப்பில் யார் துணிந்து பார்ப்பார்கள்? நானும் நாலைந்து வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

2. எந்தப் பாடம் என்று கேட்டவள்

ஸ்டெல்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். அவளும் அங்கே தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தவள்தான். ஒரே மகள் பிரின்ஸி. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும். வகுப்பில் இரண்டு முறை விழுந்த பிறகு, கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. ஸ்டெல்லா கம்பெனியை விட்டு நின்று, பீஸ் ரேட்டுக்கு, தைத்த டீ-ஷர்ட்டில் நூல் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டு, மகளுக்குத் தானே பாடம் நடத்தத் தொடங்கியிருந்தாள். இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, ஆறாம் வகுப்பு பழைய செட்டு இருக்கா? பிள்ளைக்கு வீட்ல வச்சுத்தான் சொல்லிக் குடுக்கேன்."

"சிலபஸ் மாறிப்போச்சும்மா. புதுசு வாங்கிக்க."

"எந்தப் பாடம்க்கா மாறிருக்கு? காட்டுங்க. அத மட்டும் பாத்து எழுதிட்டுப் போறேன்."

அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் மாறல. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லோணும்னு எங்க முதலாளி சொல்லியிருக்கார். நீ பழசே எடுத்துக்க. இனி யார் சொன்னாலும் காதுல வாங்காத."

அவள் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் சிநேகிதி.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கைக்கு வரும் பழைய செட்டில் கிழியாத ஒன்றை அவளுக்காக எடுத்து வைப்பேன். எது புதிது வாங்க வேண்டும், எதற்குப் பழசு போதும் என்று இருவரும் உட்கார்ந்து பேசுவோம். அகராதி, அட்லஸ், கதைப் புத்தகம், பாடப் புத்தகம் எல்லாம் பழசு. ஒர்க்புக் மட்டும் புதிதாக இருக்கட்டும், வேறு பிள்ளை விடை எழுதிவைத்ததில் இவள் எதை எழுதுவாள் என்றேன். ஸ்டெல்லா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். கம்பெனி பேக்கிங்கில் சைஸ் ஒட்டும் வெள்ளை ஸ்டிக்கர் ரோல் மிச்சம் விழும். வீட்டுக்காரர் அதைக் கேட்டு வாங்கி வருவார். பழைய ஒர்க்புக்கில் மையால் எழுதிய விடைகள் மேல் அதை ஒட்டிவிடுவாள். பிரின்ஸி அதன்மேல் எழுதுவாள்.

"பெரியம்மா, இதுக்கு முன்னாடி எழுதுன அக்காவுக்குப் பின்னக் கணக்கே வரல" என்று ஒரு நாள் அந்தப் பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"உனக்கெப்படித் தெரியும் கண்ணு?"

"ஸ்டிக்கர் ஓரத்தத் தூக்கிப் பாத்தேன். நான் போட்டதுதான் சரி."

எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். அதற்குள் மருந்தும் பிடித்துவிட்டது. வலிப்பு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. தூக்கம் மட்டும் கெடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்து ஒரு வருடம் வீட்டிலேயே பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் படித்து முடித்தாள். இனி பத்தாம் வகுப்புதான்.

3. நான் கடையில் இல்லாத ஜூன்

அந்த வருடம் கடை மும்முரமாக இருக்கும் நேரத்தில், அவிநாசிபாளையம் அருகே என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரி, பிறகு வீடு என்று இரண்டு மாதம் நான் கடைப் பக்கமே போகவில்லை. என் இடத்தில் காயத்ரி என்று பொங்கலூர்ப் பெண் ஒருத்தி நின்றாள். படித்து முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்தவள்.

அந்த வருடம்தான் பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் உண்மையிலேயே மாறின. சும்மா இரண்டு பயிற்சி இல்லை. பாதிப் பாடங்கள் புதியவை.

ஸ்டெல்லா வந்து பழைய செட் கேட்டபோது காயத்ரி சொல்லியிருக்கிறாள். "அக்கா, சிலபஸ் மாறிப்போச்சுங்க. பழசு எடுக்காதீங்க."

ஸ்டெல்லா சிரித்தாள். "உங்க முதலாளி சொல்லச் சொன்னாராம்மா? எனக்கு எல்லாம் தெரியும். சரசக்கா சொல்லிருக்காவ."

"இல்லீங்க, இந்த வருசம் நெஜமாத்தானுங்க."

"சரிம்மா. நீ அந்தப் பழைய செட்டையே எடு."

காயத்ரிக்கு அதற்கு மேல் வற்புறுத்தத் தெரியவில்லை. கடையில் கூட்டம் வேறு. கைடு, வினா வங்கி எல்லாம் சேர்ந்த நல்ல செட் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா போனாள். வெளியே போய் எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமா என்று யோசித்தாளாம். "ஆஸ்பத்திரில அண்ணனோட கெடக்கியளே, இந்த நேரத்துல புத்தகத்தப் பத்திக் கேக்க மனசு வரலக்கா" என்று பிற்பாடு சொன்னாள்.

நான் திரும்பி வந்த அன்று பின்னறையில் பழைய பத்தாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் பேப்பர்க்காரருக்குப் போடக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஸ்டெல்லா வந்தாளா?" என்று காயத்ரியிடம் கேட்டேன். "வந்து செட் வாங்கிட்டுப் போயிட்டாங்க்கா" என்றாள். செட் என்றதும் புது செட் என்று நினைத்துக்கொண்டேன். சிலபஸ் இப்படி மாறிய வருடத்தில் வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

4. வேறு வகுப்பு பேப்பரா?

பரீட்சை வருடம் என்பதால் ஸ்டெல்லா அதன்பிறகு கடைப் பக்கம் வரவில்லை. பொங்கல் கழிந்து சில வாரத்தில் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். மாதிரி வினாத்தாள் வேண்டுமாம். பிரின்ஸி நன்றாக வளர்ந்துவிட்டாள். அறிவியல் தாளை எடுத்துக் கவுன்டரிலேயே வைத்துப் படித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், திரும்பவும் முதல் பக்கம்.

"பெரியம்மா, இது வேற கிளாஸ் பேப்பரா?"

ரேக்கிலிருந்து புது அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பொருளடக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு பாடமாக இறங்கினாள். நடுவில் விரல் நின்றுவிட்டது.

ஸ்டெல்லா புத்தகத்தைப் பார்க்கவில்லை. பில் போட்டுக்கொண்டிருந்த காயத்ரியைப் பார்த்தாள்.

"அப்ப நீ உண்மையத்தான் சொன்னியாம்மா?"

"ரெண்டு வாட்டி சொன்னனுங்க்கா" என்றாள் காயத்ரி, தலையைத் தூக்காமல்.

ஸ்டெல்லா என்னிடம் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க சொன்னியன்னுதான்க்கா நான் அந்தப் பிள்ளை பேச்சக் கேக்கல" என்றாள். அவ்வளவுதான். அதில் குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் மூன்றையும் இப்போது எழுதட்டும், மாறிய இரண்டையும் துணைத் தேர்வில் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். ஸ்டெல்லாவுக்கும் அது சரி என்று பட்டது. பிரின்ஸி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஸ்கூல்ல படிக்கிறவங்க அஞ்சும் சேத்துத்தான எழுதுதாவ. நானும் சேத்துத்தான் எழுதுவேன்."

"கண்ணு, நாள் கம்மியா இருக்குது சாமி."

"நான் படிச்சிருவேன் பெரியம்மா."

புதுப் புத்தகம் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். வீட்டில் படிக்கிற பிள்ளை என்று எல்லோரும் ஒரு மாதிரி பேசியது அவளுக்குள் எவ்வளவு இருந்தது என்று அன்றுதான் பார்த்தேன். ஐந்தையும் ஒன்றாக எழுதுவது அவளுக்கு மதிப்பெண் விஷயம் இல்லை.

5. கணக்குப் பரீட்சை

தமிழ் நன்றாக எழுதினாள். ஆங்கிலமும் நன்றாக எழுதினாள். கணக்குக்கு முந்தைய நாட்களில் அம்மா தூங்கிய பிறகு எழுந்து உட்கார்ந்து படித்திருக்கிறாள். ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்து அதட்டிப் படுக்க வைத்தாராம். பிறகும் எழுந்திருக்கிறாள்.

கணக்குப் பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹாலில் வலிப்பு வந்தது. இத்தனை வருடமாக வராதது. அங்கிருந்தவர்கள் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தெளிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு ஒப்படைத்தார்கள். மீதி இரண்டு பரீட்சைக்கும் பிரின்ஸி போகவில்லை.

பரீட்சையெல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. சுவரோரம் டீ-ஷர்ட் குவியல். பிரின்ஸி அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சின்னக் கத்தரியால் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உடம்பு பரவாயில்லையா கண்ணு?" என்றேன்.

"பரவால்ல பெரியம்மா."

வெட்டிக்கொண்டே அவளாகவே சொன்னாள்.

"அந்த ஹால்ல யாருக்குமே என்னத் தெரியாது. எல்லாப் பிள்ளையளும் மாதிரி நானும் உக்காந்திருந்தேன். நல்லாருந்துச்சு. இப்ப எல்லாரும் பாத்துட்டாங்க."

ஸ்டெல்லா எழுந்து டீ போடப் போனாள். அந்த டீயை வெகுநேரம் போட்டாள்.

"துணைத் தேர்வு இருக்கு சாமி" என்றேன்.

"வேண்டாம் பெரியம்மா." அழவில்லை. முடித்த சட்டையை மடித்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

6. தெரிந்துகொண்டது

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "நாம சொன்னத அவங்க கேக்கல, அதுக்கு நாம என்ன பண்றது?" என்றார். அந்த ஒரு தடவை நாங்கள் சொன்னது உண்மை என்பதால் அவர் பேச்சிலும் தப்பில்லை. "அதுக்கு முன்னால எத்தன தடவ சும்மா சொன்னமுங்க?" என்றேன். அடுத்த ஜூனில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லவில்லை.

ஓய்வு பெறும்வரை நான் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். யார் பழசு கேட்டாலும் பழசையும் புதிதையும் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைப்பேன். முதலில் அச்சான வருடம், பிறகு பொருளடக்கம். "நீங்களே பாருங்க" என்பேன். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். பழசு போதும் என்றால் போதும். வேண்டாம் என்றால் அது அவர்கள் கண்ணால் பார்த்து எடுத்த முடிவு.

இப்போது பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். வசதியானவர்கள் பெட்டி பெட்டியாகப் புதிதாக வரவழைக்கிறார்கள். மற்றவர்கள் போனில் குரூப் வைத்துப் பழசைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். கேட்டால் நான் இன்றைக்கும் பழசு வாங்கத்தான் சொல்வேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பாடம் மாறியதைச் சொல்ல டீச்சர் இருக்கிறார், பக்கத்து பெஞ்சுப் பிள்ளை இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் செய்தி தானாக வந்து சேராது. பெற்றவர்கள்தான் ஒவ்வொரு வருடமும் தேடிப்போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டெல்லாவுக்கு நான் யாரையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தேன். எந்தப் பாடம் என்று முதல் நாள் அவளாகவே கேட்டாளே, அந்தக் கேள்வியை விட்டுவிடாதே என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். என் பேச்சை நம்பியதால்தான் அவள் அதைக் கேட்பதை விட்டாள்.

பிரின்ஸி இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லேபிள் செக்ஷனில் இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன மாதம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். மீதி மூன்று பேப்பரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "கால் எப்படி இருக்கு பெரியப்பாவுக்கு?" என்று கேட்டாள். நன்றாக நடக்கிறார் என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.