அலமாரிக்குள் ஓடிய கடிகாரம்

அண்ணன் இறந்த பிறகும் அவருடைய கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய எஃகுக் கடிகாரம். மின்கலம் கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டியதில்லை. கட்டியிருப்பவரின் கை அசைவிலேயே தன்னை முறுக்கிக்கொள்ளும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த அண்ணன் இதைச் சலிக்காமல் விளக்குவார். "நான் ஓடுற வரைக்கும் இதுவும் ஓடும்டா" என்பார்.

அந்தச் சொல்தான் என்னை அலைக்கழித்தது. அண்ணி தனியாக வாழும் அரியலூர் வீட்டிற்குப் பெரம்பலூரிலிருந்து மாதம் ஒருமுறை போய்வருவேன். அண்ணனின் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தால், நொடிமுள் சுற்றிக்கொண்டிருக்கும். முப்பது நாள் மாதம் முடிந்த மறுநாளும் தேதி பிழையின்றி இருந்தது. எல்லா மாதத்தையும் முப்பத்தொரு நாளாகவே எண்ணும் கடிகாரம் அது; ஒருவர் கைப்படத் திருத்தாமல் அது நேராது. அண்ணனின் பொருள் எதையும் அண்ணி தொட்டு நான் கண்டதில்லை. அவரிடம் கேட்கவும் துணிவில்லை.

ஓராண்டு கழிந்தபின், "சும்மாதானே கிடக்குது, வித்துடலாமா அண்ணி?" என்றேன்.

"உங்க இஷ்டம் தம்பி."

விற்பனைத் தளத்தில் படத்தை இட்டு, ஓராண்டாக எவரும் அணியவில்லை என்றும் எழுதினேன். பழைய கடிகாரங்கள் சேர்ப்பவர் ஒருவர் ஞாயிறு பிற்பகல் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்து கடிகாரத்தைக் காதருகே வைத்தவர் சிரித்துவிட்டார்.

"யாரும் கட்டலைன்னு போட்டிருந்தீங்களே சார்? இது காலையில வரைக்கும் கையில இருந்த மாதிரில்ல ஓடுது!"

"நெசமாவே யாரும் கட்டலைங்க."

"அப்ப பேய்தான் கட்டிக்கிட்டுத் திரியுது. பரவால்ல, பேயையும் சேத்தே எடுத்துக்குறேன்" என்று தம் கையில் மாட்டிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது அண்ணி தேநீர் கொண்டுவந்தார். டம்ளரை நீட்டியபோது, தட்டைப் பிடித்திருந்த இடக்கையில், மணிக்கட்டுக்கு வெகு மேலே, முழங்கையை ஒட்டி, கடிகாரப் பட்டையின் கண்ணிகள் வரிசையாகப் பதிந்த சிவந்த தடம். அவருடைய மெலிந்த கையில் அது அங்கேதான் நிற்கும். வந்தவரும் பார்த்துவிட்டார்.

"நாந்தாங்க கட்டிக்கிறேன்" என்றார் அண்ணி அவரிடம், என்னைப் பாராமல். "அவரு போன மறுநாளு வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அப்புறம் நின்னுட்டுது. வூடே அடங்கிப்போச்சு. எடுத்து மாட்டிக்கிட்டு நாலு கொடம் தண்ணி தூக்கினேன், ஓட ஆரம்பிச்சுட்டுது. அப்பலேந்து நிக்க விடல. தம்பி வர்றன்னைக்கு மட்டும் கழட்டி வச்சுருவேன்."

"அப்புறம் ஏன் அண்ணி விக்கச் சம்மதிச்சீங்க?"

"பொட்டியத் தொறந்தாலே உங்க மூஞ்சி வெளுத்துப்போவுது. உங்கள வேற இந்தப் பக்கம் வராம ஆக்கிக்கணுமா?"

வந்தவர் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். "இதக் கொண்டுபோனா எனக்குத் தூக்கம் வராதும்மா" என்று சொல்லித் தேநீரைப் பருகிவிட்டுப் புறப்பட்டார்.

அண்ணி டம்ளரை எடுத்தவர் அங்கேயே நின்றார்.

"தம்பி, கோயம்புத்தூர்ல பேத்திக்குக் காது குத்துறாங்க. நாலு நாளாவது இருன்னு மவ கூப்புடுறா. சனங்க முன்னாடி இதக் கட்டிக்கிட்டு நான் திரிய முடியுமா? இதுனாலதான் ஒரு ராத்திரிக்கு மேல எங்கயும் தங்குறதில்ல. அந்த நாலு நாளு நீங்க கட்டிக்கிறீங்களா?"

ஓட்டியது யார் என்பது தெரிந்தாயிற்று. ஆயினும் என் அச்சம் அகலவில்லை. எஃகில் அந்நியரின் கைச்சூடு ஆறாதிருந்தது. இடக்கையை நீட்டினேன், அண்ணி கொக்கியை அழுத்தினார். ஒரு கண்ணியும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. பட்டை எனக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.