வாடகை வேண்டாம் என்ற வீட்டுக்காரம்மா

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. கோயிலுக்கு வந்தவர்களைச் சும்மா கூட்டிவந்து விடும் ஆட்டோக்காரருக்கு எங்கள் கடையில் கமிஷன் உண்டு. உட்கார்ந்ததும் சும்மா கொடுக்கும் காபிக்கும் காரணம் உண்டு. "சும்மா பாருங்க அக்கா" என்று தினமும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறவளே நான்தான். வேறு யாராவது சும்மா என்றால் எனக்குச் சட்டென்று காது விடைத்துக்கொள்ளும்.

அதனால்தான், ஜெர்மனிக்குப் படிக்கப் போன என் மகள், "வீட்டுக்காரம்மா வாடகையே வேணாம்னுட்டாங்கம்மா, சாப்பாடும் அவங்களோடதான்" என்று போனில் துள்ளியபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

"எதுக்காம்?"

"சும்மாதாம்மா. வயசானவங்க, தனியா இருக்காங்க."

சும்மாவாம்! கிட்னியை எடுக்கப் பார்க்கிறாளா, மதம் மாற்றப் பார்க்கிறாளா, வயதான காலத்துக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி தேடுகிறாளா? தினமும் விசாரித்தேன். அந்தக் கிழவி என்ன கொடுத்தாள், சாப்பிட்டதும் தூக்கம் வந்ததா, அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா. "நீ சந்தேகப்பட்டுக்கினே இருந்தா நான் எப்படிமா படிக்கிறது?" என்று மகள் சலித்துக்கொண்டாள். பிறகு போன் வருவதே குறைந்தது. அதற்கும் அந்தக் கிழவிதான் காரணம் என்று நினைத்தேன். படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், புறப்பட்டு வா என்று சொல்லிவிடத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

மகளின் முகமும் தோளும் மட்டும் தெரிந்தன. தோளில் கிடந்த பின்னல் கோணலாக, பாதி அவிழ்ந்து தொங்கியது. அது அவள் போட்ட பின்னல் இல்லை.

"யாருடி உனக்குத் தலை பின்னுனது?"

மகள் போனை இன்னும் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "கையைக் காட்டு" என்று அதட்டினேன். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. பனியில் வழுக்கி விழுந்து ஒரு வாரம் ஆகிறதாம்.

"சொன்னா நீ அவங்களதான் திட்டுவ. அவங்கதாம்மா ஊட்டி விடறாங்க, தலை வாரி விடறாங்க."

பெற்றவள் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்க, எவளோ ஒருத்தி ஊட்டுகிறாள். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம்.

"அந்தம்மாவக் கூப்பிடு" என்றேன்.

வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள் வந்து மகளுக்குப் பின்னால் தயங்கி நின்றார். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என் கொண்டையை அவிழ்த்தேன். முடியை முன்னால் இழுத்துப் போட்டு மூன்றாகப் பிரித்துக் காட்டினேன். அவரும் மகளின் முடியை மூன்றாகப் பிரித்தார். நான் ஒன்றை எடுத்து நடுவில் போட்டால் அவரும் போட்டார். அவசரமே படவில்லை.

"இன்னும் இறுக்கிப் பின்னச் சொல்லு. இல்லாட்டி காலையில அவுந்துடும்" என்றேன் மகளிடம்.

அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. ஆனால் புறப்பட்டு வா என்று நான் சொல்லவில்லை.